சேவுகம்பட்டி என்ற சொல் இருந்தால்

எங்கள் வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு கேஸ் இணைப்பு, ஒரு மின்னஞ்சல் முகவரி. கடைசியை மட்டுமாவது ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கும் தோன்றவில்லை, தங்கைக்கும் தோன்றவில்லை. மஸ்கட்டில் இருந்த தம்பிக்கு எழுதுவதற்காக, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டருக்கு இருவரும் போயிருந்தோம். கடைக்காரர், "ரெண்டு பேருக்கும் தனித்தனியா போடவா?" என்றார். "ஒரு வீட்டுக்கு எத்தனை தபால்பெட்டி மாட்டுவீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். அரசு அலுவலகத்தில் விளக்கம் கேட்டே காலம் தள்ளியவள் நான். அவர் ஒன்றே ஒன்று போட்டுக் கொடுத்தார். கடவுச்சொல்லாக, நாங்கள் ஒரு காலத்தில் வளர்த்த பசுவின் பெயரை வைத்தோம்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை செய்துகொண்டாள். சில வருடங்களில் கணவன் இறந்துபோக, ஒரு டிரங்குப் பெட்டியோடு என்னிடம் வந்துவிட்டாள். ஊருக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவள் வந்த நாளிலிருந்து வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இரண்டு குடை. இந்த ஏற்பாடு நிரந்தரமானது என்று யாரும் உத்தரவு போடவில்லை. உத்தரவு இல்லாமலே நடக்கிற காரியங்கள்தான் அதிக நாள் ஓடும் என்பது என் அனுபவம்.

நான் ஓய்வுபெற்றதும், லீவில் வந்த தம்பி ஒரு கம்ப்யூட்டரை முன்னறை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனான். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறை. மத்தியானத்தில் அதன் மேல் கானல் ஏறி, பாறையே தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். திரையைப் பார்த்துக் கண் வலித்தால் பாறையைப் பார்ப்பேன். சிறுமலைப் பக்கம் மேகம் கூடி, நம்மைப் பார்த்துவிட்டு, வேறு ஊருக்குப் போய்விடும். தங்கை பள்ளிக்கூடத்தில் இருப்பாள். தெருவில் சத்தமே இருக்காது. நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்பது எனக்கே உறுதியாகத் தெரியாத மணிகள் அவை.

ஓய்வுபெற்றவளுக்கு யாரும் கோப்பு அனுப்ப மாட்டார்கள். இன்பாக்ஸுக்கு மட்டும் நான் ஓய்வுபெற்றது தெரியவில்லை. உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் செத்துப்போன கோடீஸ்வரர்கள் என்னை வாரிசாக நியமித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் இறப்புச் சான்றிதழ் இணைக்கவில்லை. ஓய்வூதியர் சங்கத்தின் ஒரே சுற்றறிக்கை மூன்று தடவை வந்தது. இந்த ஜெபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டுக்குக் கேடு என்று எங்கள் பங்கின் பக்திமான்கள் மிரட்டினார்கள். இவற்றுக்கு நடுவே தம்பியின் மெயிலைத் தேடுவது, அய்யலூர்ச் சந்தையில் நம்முடைய ஒரே ஆட்டைத் தேடுவது மாதிரி.

அப்போதுதான் செட்டிங்ஸுக்குள் ஃபில்டர் என்றொரு பக்கத்தைக் கண்டேன். இன்னாரிடமிருந்து வந்தால், அல்லது இன்ன சொல் இருந்தால், இன்ன ஃபோல்டரில் போடு. அவ்வளவுதான் விஷயம். சர்வீஸ் முழுக்க நான் தேடிய ஊழியர் அதற்குள் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்கப் போகாதவர், லீவு கேட்காதவர், ஒரு தடவை சொன்னால் போதும். கோடீஸ்வரர்களைக் குப்பைக்கு அனுப்ப ஒரு விதி எழுதினேன். ஜெபங்களுக்கு ஒரு ஃபோல்டர். அவற்றை அழிக்கத் துணிச்சல் வரவில்லை, என்ன இருந்தாலும் பத்துப் பேருக்கு அனுப்பாதவள். நான் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கையில் கடிதங்கள் தாமாக அவரவர் அறைக்குள் போய் உட்காருவதை நினைத்தாலே தூக்கம் இனித்தது.

ஒரு நாள் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினேன். கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள்.

"எனக்குக் காப்பி ஃபில்டர் போதும்க்கா. இதெல்லாம் நீயே வச்சுக்க."

"சயின்ஸ் டீச்சராம், சயின்ஸ் டீச்சர்."

"ஆமா, தவளையப் பத்திக் கேளு, சொல்றேன்."

அதை நம்பினேன். ஃபோல்டர்களில் 'பாடத்திட்டம்' என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தபோதும், பள்ளிக்கூடத்து சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். அடுத்தவர் பெயருக்கு வந்த தபாலைப் பிரிப்பதில்லை என்பது நான் கடைசிவரை மீறாத நடைமுறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தம்பியின் போன் வந்தது.

"ரெண்டு மெயில் போட்டுட்டேன். ஒண்ணுக்கும் பதிலக் காணோம். ரெண்டு பேரும் உசுரோடதான இருக்கீக?"

"இருக்கோம். நீ போட்டது எதுவும் வரலயே."

"சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு தோப்பு விலைக்கு வருதுக்கா. பட்டாவ நீ ஒருக்கா பாத்துச் சொல்லுன்னு எழுதியிருந்தேன். நல்லாத் தேடிப் பாரு."

மறுநாள் தங்கை பள்ளிக்குப் போனதும் தேட உட்கார்ந்தேன். இன்பாக்ஸில் இல்லை, குப்பையிலும் இல்லை. காணாமல்போன கோப்பைத் தேடும் முறை எனக்குத் தெரியும்: கோப்பைத் தேடாதே, அது எந்த வழியாகப் போயிருக்கும் என்று பார். விதிகளின் பக்கத்தைத் திறந்தேன். என் விதிகள் எல்லாவற்றுக்கும் மேலே, நான் எழுதாத விதி ஒன்று இருந்தது. கடிதத்தில் 'சேவுகம்பட்டி' என்ற சொல் இருந்தால் 'பாடத்திட்டம்' ஃபோல்டரில் போடு.

அந்த ஃபோல்டரைத் திறந்தேன். தம்பியின் இரண்டு மெயில்களும் அங்கே இருந்தன, கூட்டத்தில் மாட்டிக்கொண்ட வழிப்போக்கன்போல. சுற்றிலும் வேறு மெயில்கள், பக்கம் பக்கமாக. அனுப்பியவர் இடத்தில் வெவ்வேறு முகவரிகள். ஆனால் தலைப்புக்குப் பக்கத்தில் தெரிந்த முதல் வரி ஒவ்வொன்றிலும் 'அன்புள்ள டீச்சர்'. எதையும் பிரிக்கவில்லை. தலைப்புகள் மட்டும், பிரிக்காமலே தெரிபவை, கண்ணில் பட்டுக்கொண்டே போயின. மழை வரும்போல் இருக்கிறது. மழை வரவில்லை. கிணற்றில் ஓர் ஆள் உயரம் தண்ணீர். வெற்றிலைக் கொடிக்காலில் புதுத் தளிர். இன்று மேகம் மட்டும். நேற்றிரவு பெய்தது, நீங்கள் கேட்டீர்களா. நான் அப்படியே கீழே கீழே போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் வராமல் போன மேகங்களெல்லாம் எங்கே போயின என்று அன்றுதான் தெரிந்தது.

மறுபடி மேலே வந்தேன். தம்பியுடையதைத் தவிர, கடைசியாக வந்த மூன்று மட்டும் தடித்த கறுப்பு எழுத்தில் இருந்தன, அதாவது பிரிக்கப்படவில்லை. முதலாவதன் தலைப்பு: மகன் கூப்பிடுகிறான்.

பயமாக இருந்தது. தங்கைக்கு யாரோ எழுதுகிறார் என்பதற்காக இல்லை. அவள் போய்விடுவாள். இந்த வீட்டில் ஒரு தட்டை நான் பரணில் ஏற்றிவைக்க வேண்டிவரும். பயம் அவ்வளவுதான், அதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை. விதியைத் திறந்தால் 'மாற்று' என்றொரு பொத்தான். ஃபோல்டரின் பெயரை எடுத்துவிட்டுக் குப்பை என்று போட்டால், அடுத்த மழை கோடீஸ்வரர்களோடு சேர்ந்து போய்விடும். ஒரு தட்டு தட்டினால் போதும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் போயிற்று. அந்த வருடங்களில் அது கடிகாரம் பார்க்காமல் போகும், வரும். ஃபேன் மெல்ல நின்றது. சாய்வு நாற்காலியில் சரிந்தேன், கண் சொக்கியது. அய்யலூர்ச் சந்தையின் வாசலில் நான் நிற்கிறேன். ஆடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. கடைசி நாளில் ஆண்டவர் செம்மறியை ஒரு பக்கமும் வெள்ளாட்டை ஒரு பக்கமும் பிரிப்பார் என்று பூசையில் சொல்வார்களே, அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் பிரிக்கிறேன். ஆனால் ஒவ்வோர் ஆடும் நனைந்திருக்கிறது. எங்கே நனைந்தீர்கள் என்று கேட்கிறேன். அவை பதில் சொல்லாமல் என் புடவையில் உரசி ஈரமாக்கிவிட்டுப் போகின்றன. வாசலுக்கு வெளியே வெயில் பாறையாகக் காய்கிறது.

கரண்ட் வந்து ஃபேன் சுற்றியபோது விழித்தேன். நெற்றி வியர்த்திருந்தது. மறுபடி திரைமுன் உட்கார்ந்து அந்த விதியைப் படித்தேன். மோசமாக எழுதப்பட்ட விதி. ஊர்ப் பெயரை மட்டும் நம்பி எழுதினால் அந்த ஊரைச் சொல்கிற எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். ரகசியம் வைத்துக்கொள்வதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு நிபந்தனை சேர்த்தேன்: அனுப்புபவர் தம்பியாக இருந்தால் இது பொருந்தாது. தம்பியின் மெயில்களை இன்பாக்ஸுக்கு நகர்த்தினேன். மற்றதைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலை அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தங்கை கம்ப்யூட்டரில் தம்பிக்குப் பதில் எழுதப் போனவள், செத்த நேரத்தில் வந்து கதவோரம் நின்றாள்.

"அக்கா, நீ செட்டிங்ஸ்ல கை வச்சியா?"

"வச்சேன். உன் விதி சரியில்ல. தம்பியோடதும் சேந்து உள்ள போயிருச்சு. ஒரு விலக்கு போட்டிருக்கேன்."

"படிச்சியா?"

"தம்பியோடத மட்டும்."

"மத்தது?"

"தலைப்பு கண்ணுல பட்டுச்சு. ஏண்டி, அந்த மனுசனுக்கு மழையத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா?"

அவள் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கீழே உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"தமிழய்யாக்கா. பேப்பர் திருத்தப் போனப்ப பழக்கம். சம்சாரம் இல்ல. வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது, வத்தலகுண்டுக்கு வந்து யாரோடதுல இருந்தாவது அனுப்புவாரு. ஆனா கீழ இடம், நாள் போடாம முடிக்க மாட்டாரு. அதான் ஊர் பேர வச்சுப் போட்டேன்."

"காப்பி ஃபில்டர் போதும்னியே, கள்ளி."

"மொதல்ல உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான் போட்டேன். அப்புறம் என் கண்ணுலயும் படாம கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"மேல மூணு பிரிக்கவே இல்ல."

"பிரிச்சா பதில் போடணும்க்கா."

தெருவில் ஆட்டு லாரி ஒன்று போனது.

"என்ன கேட்டாரு?"

"அதான் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அக்கா தனியா இருப்பா, முடியாதுன்னு எழுதிட்டேன். அதுக்கப்புறம் வந்ததுதான் மூணும்."

எனக்குக் கோபம் வந்தது. அவளைப் போகவிடாமல் இருக்க நான் எதுவும் செய்யவில்லை என்று அதுவரை என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் என் பெயரே அந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறது.

"என் பேரச் சொல்லி ஒரு மனுவத் தள்ளுபடி பண்ணிருக்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? இந்த ஜில்லாவுல எந்த ஆபீஸ்லயாவது இப்பிடி நடக்குமா?"

"நடக்காதுதான்."

"உனக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

வெங்காயம் உரிக்கையில் எல்லார் கண்ணும் கலங்கும் என்பதால் அவள் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யமுடியவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"பூசைக்கு வருவாரா?"

"தாடிக்கொம்புப் பெருமாளுக்குச் சனிக்கெழம தவறாமப் போவாரு. எங்கூட வந்து சர்ச்சுல உக்காரச் சொன்னா உக்காருவாராம்."

"உக்கார்றது பெரிசில்ல. பிரசங்கத்துல தூங்காம இருக்கணும்."

"நீ தூங்குறியேக்கா."

எழுந்து கை கழுவினேன். "வா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அவள் பிரிக்கட்டும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவளே வாய்விட்டு வாசித்தாள். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். பரீட்சை முடிந்ததும் போய்விடலாம் என்று நினைக்கிறார், கொடிக்காலைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். டீச்சர் சொன்ன காரணம் நியாயமானது, இனிமேல் தொந்தரவு செய்யமாட்டார், ஆனால் பதில் ஒன்று வந்தால் கிளம்பச் சௌகரியமாக இருக்கும். பிறகு, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது. கீழே இடம், நாள்.

"இப்ப என்னக்கா எழுத?"

"என்னைக் கேட்டா? தள்ளுபடி பண்ணுனது நீ. மறுபரிசீலனையும் நீதான் எழுதணும். ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லு. ஆளப் பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீ ஒத்தையில..."

"மூணு வேள ஒத்தையில சாப்பிட்டுச் செத்தவுக யாரும் இல்ல. எழுதுடி."

நாற்காலியை அவளுக்கு முதுகு காட்டும்படி திருப்பிப்போட்டு உட்கார்ந்தேன். பாறையின் மேல் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, இன்னும் நெளியவில்லை. பின்னால் அவள் தட்டத் தொடங்கினாள். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறவள். ஒரு சத்தம், வெகுநேரம் கழித்து இன்னொரு சத்தம், நடுவில் அழித்துவிட்டு மறுபடி. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் பத்து விரலும் பழகாத அவள்மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். அன்று அந்த மெதுவுக்காக நன்றியாக இருந்தது. பெரிய கடிதமாக எழுதட்டும், பொழுது சாயும்வரை எழுதட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி இருந்தேன். ஓட்டில் தூறல் விழுவது மாதிரி இருந்தது. பாதித் தூக்கத்தில் வெளியே காயப்போட்ட துணியைக்கூட நினைத்துக்கொண்டேன்.

பிறகு சத்தம் நின்றது.

"போயிருச்சுக்கா" என்றாள்.