பதினான்கு வரியில் மூன்று சாவு

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 9.40. தூறல் விட்டிருந்தது. பதினொரு மணிக்கு என் மகளின் திருமணப் பதிவு, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடியில். நான் தேக்காவில் பூக்கடை முன் நின்று, கையிலிருந்த தாளை மறுபடி எண்ணினேன்.

மகளுக்குப் பிடித்த பழைய ஆங்கிலக் காதல் கவிதை, பதினான்கு வரி. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் தமிழில் நான் வாசிக்க வேண்டும். மொழிபெயர்த்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். காதல் இரண்டு. ரோஜா ஒன்று. வாடுவது, உதிர்வது, நரைப்பது சேர்த்து ஐந்து. சாவு மூன்று. விளக்கை அணை என்றுகூடச் சொல்லாமல் ‘குளிர வை’ என்கிற அம்மாள் அவர். மங்கல நாளில் சம்பந்தி வாயிலிருந்து மூன்று சாவு வந்தால் என்ன நினைப்பார்?

முந்தின நாள் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

“காதலிய ‘என் கோடைக்காலமே’ன்னா கொஞ்சுவாங்க? இந்த ஊரு வெயிலுக்கு ஏர்கோனேன்னு சொல்லுங்க, புரியும்.”

“குளிர் நாட்டுக்காரன் எழுதினது.”

“சாவையும் குளிர் நாட்டுலயே விட்டுட்டு வாங்க.”

மகள் விடவில்லை. “அப்பா, அது இல்லாட்டி வெறும் பர்த்டே கார்ட் லா. செத்தாலும் விடமாட்டேன்றதுதான் பாயிண்டே.”

கோடையை ‘மழை விட்ட காலை’ என்று ஆக்கினேன். பூக்கடை முன் ரோஜாவை அடித்து மல்லிகை என்று எழுதினேன். இரண்டு சாவைக் ‘காலம்’ என்று மாற்றினேன். மூன்றாவதற்கு வேறு சொல் பொருந்தவில்லை.

மாடியில் வாசிக்கும்போது அந்த மூன்றாவது சாவு வரிக்கு முன் குரல் நின்றுவிட்டது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா. கணவரை இழந்து ஆறு வருடம்.

“ஏன் சம்பந்தி நிறுத்திட்டீங்க? படிங்க.”

சாவு வந்து அழைத்தாலும் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எழுவேன் என்று படித்து முடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

“அவரு கடைசில என்னையத்தான் கூப்பிட்டாரு. இது நல்ல வார்த்தைதான்.”

பிறகு அந்தத் தாளைக் கேட்டார். மகளும் கேட்டாள். சாப்பாட்டுக்கு முன் கீழே இறங்கி, பக்கத்துக் கடையில் இரண்டு நகல் எடுத்தேன். அடித்து எழுதியதெல்லாம் தெளிவாகவே விழுந்திருந்தது. இரண்டு வாரக் கவலைக்கு மொத்தச் செலவு இருபது காசு.