சிவப்பு மை விழுந்த மனு

இஃப் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் வில் போடக்கூடாது என்பதை என் மண்டையில் ஏற்றியவர் அப்பா வேலை பார்த்த ஏலத்தோட்டத்தின் மானேஜர். அவரை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று.

கல்லூரி ஆசிரியரும் அதைச் சொல்லித்தான் இருந்தார். எழுபதுகளின் கடைசியில், ஏழெட்டு வருஷத்துக்கு முன், போடியில் பி.ஏ. சேர்ந்திருந்தேன். நாளைக்கு மழை பெய்தால் வரமாட்டேன் என்று எழுதும்போது, மழை நாளைக்குத்தான் என்றாலும் இஃப் இட் ரெய்ன்ஸ் என்றே எழுத வேண்டும், வில் ரெய்ன் என்றால் தப்பு. வென், அன்டில், அன்லெஸ் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்றார். தலையாட்டிக்கொண்டோம். எனக்கு அது ஒட்டவில்லை. நாளைக்கு நடக்கப்போவதை நாளைக்கு என்று சொன்னால் என்ன கெட்டுப்போகும் என்று இருந்தது. ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம். வீட்டில் கேட்க ஆள் கிடையாது; எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான்.

அப்பாவுக்கு மலைமேல் ஸ்டோரில் வேலை. பறித்து வந்த பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு எரித்து, அந்தச் சூட்டில் உலர்த்துகிற கட்டிடம் அது. அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் சோலி. வருஷக்கணக்கில் தின்ற புகை நெஞ்சில் தங்கிவிட்டது. மழை பிடித்துவிட்டால் இழுப்பு வந்து, பேச்சுக்கு நடுவே மூச்சுக்காக நிற்பார். புகையை விடாவிட்டால் மருந்து கேட்காது என்று போடி டாக்டர் சொல்லிவிட்டார். அதே தோட்டத்தில் நாற்றங்கால் இருந்தது. பாத்தி கட்டுவது, நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பது, களை எடுப்பது. புகை இல்லாத வேலை. அங்கே மாற்றிவிட்டால் போதும், அவர் பிழைத்துக்கொள்வார்.

அதைக் கேட்பதற்கு ஒரு வழி இருந்தது. ஆட்களைக் கீழேயிருந்து கூட்டிப்போகிற கங்காணியிடம்தான் எதையும் கேட்க வேண்டும். அவர் சொன்னால்தான் மானேஜர் காதில் ஏறும். அவரும் எங்கள் ஊர் ராசிங்காபுரத்துக்காரர்தான். அவர் லீவில் இறங்கியிருக்கும்போது சேவலோடு வீட்டுக்குப் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கேட்க வேண்டும். அப்பா இரண்டு வருஷம், இரண்டு சேவல் கொடுத்துக் கேட்டார். “சொல்றேன்ப்பா” என்பார் கங்காணி. அதோடு சரி.

“நான் மனு எழுதித் தர்றேன்ப்பா. இங்கிலீஷ்ல எழுதுனா தொரையே நேராப் படிச்சுக்கிருவாரு” என்றேன்.

“கங்காணி ஒண்ணும் நெனைக்க மாட்டாராப்பு?”

“நெனைச்சா நெனைக்கட்டும்.”

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன். மலைமேல் அந்த ஆளோடு நாள் முழுக்க நிற்கப்போவது நான் இல்லையே.

முழு வெள்ளைத்தாளில் ஓரம் மடித்து மூன்று நாள் எழுதினேன். மழைக்காலம் வரும்போது அவருக்கு மூச்சு முட்டுகிறது. புகையை விட்டு விலகும்வரை மருந்து வேலை செய்யாது. தாங்கள் மனமிரங்கி நாற்றங்கால் வேலை கொடுத்தால் நன்றியோடு இருப்போம். மூன்றே வாக்கியம்தான். மூன்றிலும் வென், அன்டில், இஃப் என்பவற்றுக்குப் பின்னால் வில் போட்டிருந்தேன். போட்டால்தான் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை ஜீப்பேறிப் போய் ஆபீஸ் ஜன்னலில் நீட்டினேன். மானேஜர் வாங்கிக்கொண்டார். “யூ ஆர் இன் காலேஜ்?” என்று கேட்டார். “எஸ் சார்” என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி இறங்கி வந்தேன். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஆட்கள் விடவில்லை.

“என்ன மாப்ளே, தொரைக்கே காயிதமாம்ல? இனிமே கங்காணிக்குக் குடுக்கிற சேவலை ஒங்க வீட்டுக்குக் கொண்டாந்துரவா?”

“ரெண்டாக் கொண்டாங்கண்ணே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை, லீவில் இறங்குகிற அப்பாவைக் கூட்டிவர ஜீப் ஸ்டாண்டில் நின்றேன். அதே ஆட்கள் இறங்கினார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். என்ன நடந்தது என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

தோட்டத்தில் மானேஜர் சிவப்பு மையில் எழுதினால் அது உத்தரவு. லீவுச் சீட்டு, விறகுச் சீட்டு, கம்பளிச் சீட்டு எல்லாவற்றிலும் சிவப்பு மை விழுந்தால் கேட்டது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எழுத்துத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் பையன் என் மனுவை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறான். அதில் சிவப்பு மை. அப்பா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஸ்டோருக்குப் போகாமல் நேராக நாற்றங்காலுக்குப் போய்ப் பாத்தி கொத்த ஆரம்பித்துவிட்டார்.

“யாரு ஒன்னைய இங்க விட்டது?” என்று கங்காணி கேட்டிருக்கிறார்.

“தொரை செவப்பு மை போட்டுக் குடுத்துட்டாருண்ணே.”

கங்காணிக்கும் இங்கிலீஷ் தெரியாது. தாளை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனவர் திரும்பி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாராம். மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற இடத்தில், எல்லோர் முன்னாலும் தாளை அப்பா கையில் கொடுத்து, “ஒம்மகன் எழுதுனது பூராத் தப்பாம்லப்பா. தொரை திருத்திக் குடுத்துருக்காரு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லு. நீ வெரசா ஸ்டோருக்குப் போ, அடுப்பு அணையுது” என்றாராம்.

அப்பா கடைசியாக இறங்கினார். பஸ்சுக்கு நிற்கும்போது மடியிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார்.

அந்த மூன்று வில்லையும் சுற்றி வட்டம் போட்டிருந்தது. ஓரத்தில், இஃப், வென், அன்டில் ஆகியவற்றுக்குப் பின்னால் வில் கூடாது என்று அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு.

“என்ன எழுதிருக்காருப்பு?”

“தப்பத் திருத்தியிருக்காருப்பா.”

“அது சரி. நாத்தங்காலப் பத்தி?”

“ஒண்ணும் எழுதல.”

“ஒரு வரி கூடவா?”

தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். அவருக்காகத்தான் பார்த்தேன்.

அன்று இரண்டாவது மனு எழுத உட்கார்ந்தேன். ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். அப்பா வாங்கவில்லை. கங்காணியும் லீவில் இறங்கியிருந்தார். லீவு முடிவதற்குள் அப்பா சேவல் ஒன்றைப் பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு கங்காணி வீட்டுக்குப் போனார்.

“பய தெரியாமச் செஞ்சுட்டான்ணே. படிச்சது பத்தல அவனுக்கு” என்றார்.

கங்காணி என்னைப் பார்க்காமலே பேசினார். “எங்கிட்டச் சொல்லிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். இப்ப தொரைகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது? கொஞ்ச நாள் போகட்டும்.”

கொஞ்ச நாள் என்பது மூன்று சீசன். அந்த மூன்றும் அப்பா அடுப்பருகில்தான் இருந்தார்.

அதற்கிடையில் மேல்படிப்புக்கு மதுரை போனேன். நூலகத்தில் தடியான ஒரு இலக்கணப் புத்தகத்தில் தேடியது கிடைத்தது. ஒருவரின் சம்மதத்தை வேண்டிக் கேட்கும்போது இஃப்புக்குப் பின்னால் வில் வரலாம், அது பணிவு என்று போட்டிருந்தது. வேலை கொடுத்தால் நன்றியோடு இருப்போம் என்று கெஞ்சிய என் மூன்றாவது வாக்கியம் சரிதான். மானேஜருக்குத்தான் தெரியவில்லை. சந்தோஷத்தில் அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு அந்தச் சந்தோஷம் அசிங்கமாக இருந்தது. வட்டமே போடாமல் இருந்தாலும் அந்தத் தாளின் கதி அதுதான். அவர் படிக்கும்போது என் அப்பாவின் மூச்சு அவர் கண்ணில் படவே இல்லை.

அப்பாவால் விறகுக் கட்டையைத் தூக்கவே முடியாமல் போன பிறகுதான் கங்காணி அவரை நாற்றங்காலுக்கு மாற்றினார். குனிந்து பாத்தி கொத்த மூச்சு இடம் கொடுக்கவில்லை. பதினோராவது நாள் ஜீப்பில் படுக்க வைத்துக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். சாய்ந்து படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே தூங்குகிறார். பார்க்க வருகிறவர்களிடம், மூச்சுக்கு நின்று நின்று, “எம்மகன் இங்கிலீஷ்ல மனு எழுதிப் போட்டான். அதுலதான் நாத்தங்கால் கெடச்சுச்சு” என்று சொல்வார். அவர்களும் என் பக்கம் திரும்பி, “படிச்ச புள்ள இருந்தா அப்படித்தான்” என்பார்கள். அவர்களுக்குக் காப்பி எடுத்துவர உள்ளே போய்விடுவேன்.