வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து

மன்னிப்புக்காரர் என்பது பெற்றோர் இட்ட பெயரல்ல, வாடிக்கையாளர்கள் இட்டது. தேடுபொறியை ஏமாற்றி முதல் வரிசையில் துண்டு போடப் போய், பந்தலை விட்டே துரத்தப்பட்ட கடைகளின் இணையதளங்களைக் கழுவித் துடைத்து, "செய்தது தப்பு, திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மனுப் போட்டு மீட்டுத் தருவது அவர் தொழில்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, ஒரு கணினி, சில நாற்காலிகள், ஒரு ஜக் தண்ணீர். இவற்றில் தண்ணீர்தான் முக்கியமான கருவி. பல் டாக்டரானாலும் சரி, நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கும் நிலையத்தாரானாலும் சரி, வருகிறவர்கள் எல்லாரும் "நான் ஒண்ணும் பண்ணல சார், போட்டிக்காரன் வேலை" என்றுதான் தொடங்குவார்கள். அவர் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். இரண்டாவது டம்ளரில் உண்மை இறங்கும். இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அறையில் பொய்த்ததும் இல்லை.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. தளத்தை அவர் சுத்தம் செய்வார்; மனுவைத் தப்பு செய்தவரேதான் எழுதி அனுப்ப வேண்டும். கூலிக்கு மாரடிக்கிற அழுகையை தேடுபொறி நிறுவனத்தில் மனுவைப் படிப்பவர்கள் முதல் வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்பது அவர் கணிப்பு.

இப்பேர்ப்பட்டவரின் மாடிப்படியில் ஒரு நாள் சொந்த அக்காவே மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவளுக்குப் பின்னால், பூஜாடியை உடைத்த பிள்ளை போல அத்தான்.

அவர்களுடையது மெத்தைக் கடை. அக்கா தைப்பாள், அத்தான் விற்பார். கடை இருப்பதோ ஒரு முட்டுச்சந்தின் கோடியில். வழி தவறியவர்கூட அதற்குள் நுழையமாட்டார். வந்தவர்கள் எல்லாம் இணையத்தில் தேடி வந்தவர்கள். இப்போது கடைப் பெயரையே எழுத்துக்கூட்டி அடித்தாலும் கடை வரவில்லை.

"ஈ காக்கா இல்லடா," என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான். தையல் மிஷினை யாருக்குத் தள்ளிவிடலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்."

"மச்சான், சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல," என்றார் அத்தான்.

மன்னிப்புக்காரர் தண்ணீர் ஊற்றினார்.

"கொஞ்சமா பண்ணேன்," என்றார் அத்தான், டம்ளரைக் கீழே வைத்து.

கொஞ்சம் எவ்வளவு என்று பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் மெத்தை, தலையணை, முதுகுவலி, மாமியார் தொல்லை என்று தூக்கத்தோடு தொடர்புள்ள, இல்லாத சொற்கள் அத்தனையும் அடுக்கப்பட்டிருந்தன. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. தேடுபொறி மட்டும் படிக்கும். வாடிக்கையாளர் பாராட்டுகள் அனைத்திலும் அதே ஓர் எழுத்துப்பிழை; எழுதிய கை ஒன்றுதான். போதாததற்கு, காசு கொடுத்துப் பிற தளங்களிலிருந்து வாங்கிய இணைப்புகள். ஒரு சவப்பெட்டிக்காரர் தம் தளத்தில் "நிம்மதியான நீண்ட உறக்கத்துக்கு" என்று எழுதி மெத்தைக் கடைக்கு வழிகாட்டியிருந்தார்.

"அத்தான், இது விளம்பரமா, மிரட்டலா?"

"தள்ளுபடியில கிடைச்சுது மச்சான்."

எல்லாவற்றையும் களைந்தார்கள். அத்தானும் பயபக்தியோடு மனு எழுதி அனுப்பினார். வந்த பதில்: நிராகரிக்கப்பட்டது.

மன்னிப்புக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தளம் பளிங்கு போல இருக்கிறதே! அனுப்பிய மனுவைக் கேட்டு வாங்கித் திறந்தார். "மலிவு விலை மெத்தை, முதுகுவலி மெத்தை, இலவச டெலிவரி மெத்தை ஆகியவற்றில் முன்னணி வகிக்கும் மெத்தைக் கடையாகிய நாங்கள், மெத்தை தொடர்பான தவறுகளுக்காக மெத்தை மனதோடு வருந்துகிறோம்" என்று அது தொடங்கியது. கையெழுத்துக்குக் கீழே தாள் வெறுமையாக நீண்டுகொண்டே போனது. சந்தேகம் வந்து, அந்த வெற்றிடத்தின் மேல் சுட்டியை இழுத்தார். பளிச்சென்று எழுந்தன வெள்ளை எழுத்துகள்: உண்மையான மன்னிப்பு, தரமான மன்னிப்பு, நகரின் சிறந்த மன்னிப்பு.

"ஏங்க!" என்றாள் அக்கா.

"மனுக்கள்ல நம்மது முதல்ல நிக்கட்டுமேன்னு..." அத்தானின் குரல் தேய்ந்தது. பிறகு அவரே பேசினார். "சந்துக்குள்ள ஒருத்தனும் வர்றதில்ல. உங்க அக்கா தெனமும் தைக்கிறா. தைச்சது அப்படியே அடுக்கி நிக்குது. யாரும் தொட்டுக்கூடப் பாக்கல. அவ முகத்தைப் பாக்க முடியல மச்சான். என்னால முடிஞ்சது கத்துறதுதான். காதுக்குக் கேக்காத மாதிரி கத்துனேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிப்புக்காரரும் தம் தொழிலில் முதல் தடவையாக அந்த ஜக் தண்ணீரைத் தாமே குடித்தார்.

"இப்ப சொன்னீங்களே, அதையே எழுதுங்க அத்தான். கறுப்பு எழுத்துல."

அத்தான் எழுதினார். மெத்தை என்ற சொல் ஒரே ஒருமுறை வந்தது. அனுப்பும்வரை அக்கா அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

பதில் வந்தது. தடை நீங்கியது. முதல் பக்கத்தில் அல்ல. புரட்டிப் புரட்டி விரல் தேய்ந்தபின் வரும் ஏதோ ஒரு பக்கத்தின் அடிவாரத்தில் கடை இருந்தது.

"இவ்வளவு தூரம் எந்தப் பைத்தியக்காரன் வருவான்?" என்றார் அத்தான்.

வந்தான் ஒருவன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் பக்கம் பக்கமாகப் புரட்டியவன். அப்படிப்பட்டவனைவிட மெத்தை தேவைப்படுகிறவன் யார்? அந்த முட்டுச்சந்தைத் தேடிப் பிடித்து, கடைசிவரை நடந்து, அக்கா தைத்ததை அமுக்கிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். சில நாளில் கடையின் இணையதளத்தில் எழுதினான்: "இன்னமும் தூக்கம் வரவில்லை. ஆனால் முழித்துக்கிடக்க இதைவிடச் சுகமான இடம் கிடையாது."

முதல் வாக்கியத்தை மட்டும் நீக்கிவிடலாம் என்று அத்தான் கை வைத்தார். அக்கா சுட்டியைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டு வாக்கியங்களையும் சத்தமாக இன்னொரு முறை படித்தாள்.