நான்கு கிணறும் ஒரு விண்ணப்பமும்

கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் தொழிற்பேட்டைக் கடைவரிசை ஒன்றின் மாடியில் இருக்கிற தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் டொரத்தி பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். ஆலைக் கழிவுநீர், ஹோட்டல் தொட்டித் தண்ணீர், தோட்டப்புறக் கிணற்றுத் தண்ணீர் என்று எது போத்தலில் வந்தாலும் அதில் என்ன கரைந்திருக்கிறது என்று அளந்து தாளில் பதிந்து கொடுக்க வேண்டும். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. கணவன் மரியநாயகம் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பிள்ளைகள் இல்லை.

ஜெஞ்சாரோம் பக்கத்துக் கிணறுகளில் இரும்பு அதிகம் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மழை பெய்தால் கூடும் என்பார்கள். மழை பெய்கிற வாரத்தில் அது கூடுவதில்லை, மழை வெறித்து மூன்று வாரம் போன பிறகுதான் ஏறுகிறது என்பதைக் கவனித்தவள் டொரத்தி ஒருத்திதான். ஒரு வருடம் நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பாள். பழைய தாள்களைப் புரட்டினால் நான்கு வருடமும் அப்படியேதான் இருந்தது. ஏன் என்று கேட்டுக்கொண்டே ஆறு மாதம் அலைந்தாள். இதைப் படிக்க வேண்டும், முறையாக ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆய்வு மாணவியாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

முதலில் முதலாளி திருச்செல்வத்திடம் போனாள். கூடத்தில் இருக்கும் பழைய அளவுகளைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டாள்.

"அதெல்லாம் கிளையன்ட் டேட்டா, டொரத்தி. வெளிய எடுத்துட்டுப் போக முடியாது லா. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா நான்தான் பதில் சொல்லணும்."

"பேரு, இடம் எல்லாம் எடுத்துர்றேன் பாஸ். நம்பர் மட்டும்தான்."

"நம்பரும் அவங்களுதுதான்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று டொரத்திக்கே தெரிந்தது. அதனால் கோபப்படக்கூட வழியில்லை. சொந்தமாகத்தான் அளவெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பூசை முடிந்ததும் பனிக்கட்டி போட்ட பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஜெஞ்சாரோம் போவாள். ஷிப்ட் இல்லாத வாரங்களில் மரியநாயகம் காரில் கூட்டிப்போவான். செம்பனைத் தோட்டத்துக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் நடுவே வேலாயுதம் என்பவர் குத்தகை நிலத்தில் வெண்டைக்காய் போட்டிருந்தார். அவர் நிலத்தில் ஒரு கிணறு. அவரே பேசிக்கொடுத்து, அக்கம்பக்கத்தில் இன்னும் மூன்று கிணறு. எடுக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். வாளியில் அரைமணி நேரம் நின்றால் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அதற்குள் வடிகட்டி, இரண்டு சொட்டு அமிலம் விட்டு மூட வேண்டும்.

"வாரா வாரம் வந்து தண்ணி மொண்டுட்டுப் போறியே தங்கச்சி, இதுல உனக்கு என்ன கெடைக்குது?" என்று ஒருநாள் வேலாயுதம் கேட்டார்.

"மேல படிக்கப் போறேன் அண்ணே."

"இந்தத் தண்ணியவா?" அவர் கேலி பண்ணவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஆச்சரியம். அடுத்த வாரத்திலிருந்து அவள் வருவதற்கு முன்பே கிணற்றைச் சுற்றிப் புல்லை வெட்டி வைத்திருப்பார்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது. மூன்று கிணறுகள் அவள் நினைத்தபடியே நடந்தன. நான்காவது கிணறு மட்டும் அடங்கவில்லை. அதில் மழை பெய்த மூன்றாம் நாளே இரும்பு ஏறியது. டொரத்தி போத்தலை மாற்றிப் பார்த்தாள், கயிற்றை மாற்றிப் பார்த்தாள், நேரத்தை மாற்றிப் பார்த்தாள். அது அப்படியேதான் ஏறியது. அவளுக்கு அந்தக் கிணற்றின் மேல் ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது.

இதற்கிடையில் மேற்பார்வையாளர் தேடும் வேலை. ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், 'இவளை நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு பேராசிரியர் எழுதித்தர வேண்டும். மதிய உணவு இடைவேளையில், படிக்கட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பல்கலைக்கழகப் பக்கமாகத் தேடி மின்னஞ்சல் எழுதினாள். இருபத்து மூன்று பேருக்கு எழுதியதில் மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர் இடமில்லை என்றார். ஒருவர் அவளுடைய பட்டப்படிப்பு மதிப்பெண்ணைக் கேட்டார், நாலுக்கு 2.68 என்று எழுதியதும் பேச்சே இல்லை. கடைசி வருடம் அவள் அப்பா லாரி விபத்தில் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வார்டுக்கும் வகுப்புக்கும் ஓடியதில் இரண்டு பாடம் விழுந்தது. அதை எழுத விண்ணப்பத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

மூன்றாவதாகப் பதில் போட்டவர் கமலநாதன். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மண் வேதியியல் விரிவுரையாளர். அவளைவிட நான்கைந்து வயது இளையவர். நேரில் பேசலாம் என்று நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு வரச் சொன்னார். டொரத்தி கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் வந்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு, திரும்பி வந்து சேர்ந்தபோது அவர் வாழையிலைக் கடையில் சாப்பிட்டு முடித்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

அவள் வரைபடத் தாள்களை மேசையில் விரித்தாள். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பத்து நிமிடம் பார்த்தார்.

"மழை வந்து மண்ணுல தண்ணி நிக்குது. ஆக்சிஜன் தீர்ந்துபோக மூணு வாரம் ஆவுது. அப்புறம்தான் இரும்பு கரையுது. அப்படித்தானே சொல்றீங்க?"

"அப்படித்தான் நெனைக்கிறேன் டாக்டர். ஆனா இந்த நாலாவது கிணறு..."

"அதான் விஷயமே" என்றார் கமலநாதன். "மத்த மூணும் எல்லாருக்கும் தெரிஞ்சது. இது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு கண்டுபிடிச்சீங்கன்னா, அது ஆராய்ச்சி."

வாழ்க்கையில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. ரயிலில் திரும்பி வரும்போது டொரத்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பக்கத்து இருக்கை ஆன்டி டிஷ்யூ தாள் நீட்டினார்.

முன்மொழிவை ஏழு முறை எழுதினாள். முதல் பிரதி முப்பது பக்கம். கமலநாதன் அதை ஐந்தாகக் குறைக்கச் சொன்னார். குறைத்ததில் உயிர் போய்விட்டது என்றாள் அவள். உயிர் இருக்கிறது, கொழுப்புத்தான் போனது என்றார் அவர். 2.68 என்பதைப் பார்த்துவிட்டு, நீண்ட அனுபவம் இருப்பதால் தனி மதிப்பீட்டுக்கு அனுப்பலாம், நேர்காணல் வைப்பார்கள், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

பிறகு பரிந்துரைக் கடிதங்கள். இரண்டு வேண்டும், ஒன்று கட்டாயம் படித்த இடத்திலிருந்து. பதினேழு வருடத்துக்கு முன் அவளுக்குப் பாடம் எடுத்த விரிவுரையாளர் ஓய்வு பெற்று ஈப்போவில் இருந்தார். தேடிப் பிடித்து எழுதினாள். மூன்று வாரம் கழித்து மரியாதையாக ஒரு பதில் வந்தது: மன்னிக்க வேண்டும், உங்களை எனக்கு நினைவில்லை, நினைவில்லாதவரைப் பற்றி எழுதுவது சரியாக இருக்காது. அங்கே இப்போது இருக்கிற வேறு ஒருவரைக் கெஞ்சிக் கேட்டு, 'பதிவேட்டின்படி இன்னின்ன பாடம் படித்தார்' என்ற அளவில் ஒரு கடிதம் வாங்கினாள். இரண்டாவது கடிதம் முதலாளி எழுத வேண்டும். கடிதத்தை எழுதி ஏற்றுவதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து திருச்செல்வத்துக்கு வந்த இணைய இணைப்பு குப்பை அஞ்சலில் போய் விழுந்து காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்ப வைத்தாள். கடைசி நாள் மத்தியானம் அவர் மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டே எழுத வைத்தாள்.

அவர் எழுதியது இரண்டு வரி. இவர் நேரத்துக்கு வேலைக்கு வருவார். நம்பிக்கையானவர்.

"இன்னும் கொஞ்சம் எழுதலாமா பாஸ்? நான் செஞ்ச வேலைய..."

"நல்லாத்தானே எழுதியிருக்கேன்?" என்று கேட்டவர் முகத்தில் கள்ளமில்லை. அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

நேர்காணல் அன்று கறுப்புக் கால்சட்டையும் தேய்த்த நீலச் சட்டையும் போட்டுக்கொண்டு போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஓரமாகக் கமலநாதன். முதல் கால்மணி நேரம் நன்றாகத்தான் போனது. மாதிரி எடுக்கும் முறை பற்றிக் கேட்டபோது அவள் சொன்ன பதிலை ஒரு பேராசிரியர் குறித்துக்கொண்டார். பிறகு நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீர் தேங்கிய மண்ணில் இரும்பு கரைவது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இதில் புதிது என்ன?"

டொரத்தி நான்காவது கிணற்றைப் பற்றிச் சொன்னாள்.

"அது ஏன் மாறுபடுகிறது? உங்கள் கருதுகோள் என்ன?"

முன்மொழிவில் இரண்டு கருதுகோள் எழுதியிருந்தாள். பதற்றத்தில் இரண்டும் கலந்துபோய் ஒன்றும் வாயில் வரவில்லை. கமலநாதன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியவில்லை, மேடம்" என்றாள். "தெரியாததால்தான் படிக்க வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இது கண்காணிப்பு வேலை, ஆய்வு என்று சொல்ல இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் மேற்பார்வையாளர் உறுதியாக இருந்தால் யோசிக்கலாம் என்றார்.

மேற்பார்வையாளர் உறுதியாகத்தான் இருந்தார். ஐந்து வாரம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். டொரத்தி கூடத்துக்கு வெளியே, படிக்கட்டுக்கு வந்து பேசினாள்.

"டொரத்தி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. என்னோட கான்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்கல. அடுத்த மாசம் வெளிநாடு, பெர்த் போறேன், அங்க ஒரு கம்பெனில வேலை."

"அப்ப என்னோட அப்ளிகேஷன்?"

"சூப்பர்வைசர் இல்லன்னா அவங்க மூடிருவாங்க. வேற ஒருத்தர் ஏத்துக்கிட்டா அடுத்த வாட்டிப் புதுசா போடலாம். ரெண்டு பேர்கிட்ட பேசிப் பாத்தேன். அவங்களுக்கு ஆளு இருக்கு."

"நீங்க எதுக்கு சார் வருத்தப்படறீங்க" என்றாள் டொரத்தி. அந்த மனிதருக்கு மனைவி, இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன் எல்லாம் இருந்தன. அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுபடி மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தாள். பதினெட்டு எழுதினாள். ஒரே ஒரு பேராசிரியர் கூப்பிட்டார். அவரிடம் வேறொரு திட்டம் தயாராக இருந்தது, கடற்கரை மணலில் பிளாஸ்டிக் துகள் எண்ண வேண்டும். கிணற்றை விட்டுவிட்டு வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சரி என்று எழுதினாள். அதற்குள் அவர் வேறொரு பையனை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெஞ்சாரோம் போனபோது பாதையை மறித்து மண் லாரிகள் நின்றன. நான்கு கிணறும் இருந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் கிடங்கு கட்டுகிற ஆட்களுக்கு விற்றுவிட்டார். வெண்டைச் செடிகள் இருந்த இடத்தில் சிவப்பு மண் இடுப்புயரம் கொட்டிக் கிடந்தது. வேலாயுதம் ஒரு தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்குப் போன் பண்ணணும்னு நெனச்சேன் தங்கச்சி. வெள்ளிக்கிழமைதான் சொன்னானுங்க. சனிக்கிழம லோரி வந்துருச்சு."

"நாலாவது கிணறு, அண்ணே?"

"அதத்தான் மொதல்ல மூடுனாங்க. பள்ளமா இருந்துச்சுல்ல."

டொரத்தி அந்த இடம் வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தாள். எது கிணறு இருந்த இடம் என்றே தெரியவில்லை. மரியநாயகம் காரிலிருந்து இறங்கவில்லை. அவள் திரும்பி வந்து ஏறியதும் ஏசியைக் கூட்டி வைத்தான்.

"வேற ஊர்ல கிணறு பாக்கலாம் லா" என்றான் பந்திங் சாலைக்கு வந்த பிறகு. "நான் கூட்டிட்டுப் போறேன்."

"இன்னும் பதினாலு மாசம் எடுக்கணுங்க. எடுத்தாலும் யாருகிட்ட கொண்டுபோய்க் காட்டறது?"

அவன் சின்ன வயதிலிருந்தே எதையும் எழுதி விண்ணப்பித்து வாங்கியவன் இல்லை. ஆனாலும் வீடு வரைக்கும் ஏதாவது சொல்லத் தேடிக்கொண்டே ஓட்டினான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

பெர்த்திலிருந்து கமலநாதன் ஒருமுறை எழுதினார். இருக்கிற அளவுகளை வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதலாம், பார்க்கலாம் என்று. டொரத்தி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி அனுப்பினாள். கிடைத்தது, வார இறுதியில் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டி எழுதினாள், மூன்றாவது முறை எழுதவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காப்பார் ஊரிலிருந்து ஒரு பெண் கூடத்துக்கு போன் பண்ணினாள். போன மாதம் கொடுத்த கிணற்றுத் தண்ணீரில் இரும்பு சரியாக இருந்ததாம், இந்த மாதம் மும்மடங்காம்.

"மழைகூட நின்னுருச்சே அக்கா. இப்ப ஏன் ஏறுது?"

டொரத்தி தாளைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். மழை விட்டு இருபது நாள் ஆகியிருந்தது.

"தெரியலம்மா" என்றாள். "வேணும்னா இன்னொரு வாட்டி டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

அடுத்த சேர்க்கைக்கான கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. பல்கலைக்கழகத் தளத்தில் அவளுடைய கணக்கு இன்னும் திறந்துதான் இருந்தது. பழைய கடிதங்கள் செல்லாது, எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும் என்று மேலே சிவப்பில் எழுதியிருந்தது. டொரத்தி எதையும் ஏற்றாமல் பக்கத்தை மூடினாள். வேலை முடிந்ததும் மரியநாயகம் அவளைக் கூட்டிப்போக வந்தான். வழியில் இறங்கி மீனும் இரண்டு கட்டு கங்கோங் கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.