டேப்பு அக்காவின் அரை அங்குலம்

என் மருமகளைப் பொருளாதாரத் தேர்வில் தேற வைக்க நான் ஒரு பேருந்தையே ஓடி முந்தியிருக்கிறேன். மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது.

அவள் தையல்காரி. அளவு டேப் கழுத்தை விட்டு இறங்காததால் தெருவில் எல்லோருக்கும் ‘டேப்பு அக்கா’. தையல் பயிற்சி நிலையத்தில் ஆசிரியை வேலை காலியாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக்கூடாது. இவளுக்கு முப்பத்தொன்பது. மற்றப் பாடங்களை எல்லாம் தனியாக எழுதித் தேறிவிட்டாள். பொருளாதாரம் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இதுதான் கடைசி வாய்ப்பு.

இத்தனைக்கும் பாடம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே தேவை விதியைச் சொல்வாள்.

“விலை ஏறினா வாங்குறது குறையும் அத்தை. இதைப் புஸ்தகத்துல வேற போடணுமா? நம்ம கடை வாசல்ல வந்து நின்னா தெரியும்.”

“அப்புறம் ஏம்மா ரெண்டு தடவை கோட்டை விட்டே?”

“வரைபடம் அத்தை. அதுலதான் மொத்தமாப் போகுது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெட்டு மேசையைத் துடைத்து, பழைய கேள்வித்தாளை வைத்து, அடுப்படிக் கடிகாரத்தையும் முன்னால் வைத்தேன். வரைபடத்தாளில் தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் வரைந்தாள். அடடா, என்ன வளைவு! சட்டையின் கைக்குழி தோற்றது. ஆனால் சமநிலை விலை எட்டு வர வேண்டிய இடத்தில் ஒன்பது வந்து உட்கார்ந்திருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சொல்லி வைத்தாற்போல் அரை அங்குலம் மேலே.

“ஏம்மா, எல்லாத்தையும் ஏன் தள்ளித் தள்ளி வச்சிருக்கே?”

“தையலுக்குத் துணி விட வேண்டாமா?” என்றாள், தலையைத் தூக்காமலே.

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. பென்சிலைக் கீழே வைத்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ரெண்டு வருஷம் போச்சே அத்தை, இந்த அரை அங்குலத்துல.”

தெரிந்துகொண்டாலும் இருபது வருடக் கை கேட்குமா? மறுபடியும் தள்ளியே வைத்தது. கடைசியில் டேப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். கழுத்து லேசானதும் கைக்கு விவரம் புரிந்துவிட்டது, இது துணி இல்லை என்று. புள்ளிகள் அதது இடத்தில் போய் நின்றன. அன்றிலிருந்து படிக்க உட்கார்ந்தால் டேப் என் மடியில்.

தேர்வன்று காலை அவள் போன பிறகு மடியைத் தடவினேன். டேப்பைக் காணோம். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். தேர்வுக்கூட வாசலில் நின்றிருந்தாள், கழுத்தில் அதே டேப்போடு. கழற்றி வாங்கிக்கொண்டேன். உள்ளே போனாள். நூற்றுக்கு நூறு வாங்கினாள்.

இதுவரை எழுதியதைத் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த பயிற்சி நிலைய ஆசிரியை இப்போது வாயைத் திறக்கிறாள்.

“அறுபத்தி ரெண்டு அத்தை. நூறு இல்ல. அப்புறம், டேப்பை நான் ஒண்ணும் மறதியில கழுத்துல மாட்டிட்டுப் போகல. மாட்டிட்டுப் போனா எப்படியும் பின்னாடியே வருவீங்கன்னு தெரியும். தனியா உள்ள போகப் பயமா இருந்துச்சு.”