அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு டவர்

செல்போன் டவர்களைப் பராமரிப்பது என் வேலை. டவரால் குருவி செத்தது, கர்ப்பம் கலைந்தது, கொரோனாவே அதிலிருந்துதான் வந்தது என்று சண்டைக்கு வந்தவர்களிடம் தெருத்தெருவாக வாய் கிழிய விளக்கியிருக்கிறேன். "ஏனுங்க, எங்களக் கொல்றக்கா சம்பளம் வாங்கறீங்க?" என்று காந்திபுரத்தில் ஒருவர் கேட்டார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. படித்தவர் வேறு.

பிறகு என் அக்கா மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒன்றாம் வகுப்பு படிக்கிற குழந்தை. அக்கா வீட்டுக்கு எதிர் மாடியில் ஒரு டவர் இருந்தது. அதனால்தான் வந்தது என்று தெருவே பேசியது. அதை எடுக்கச் சொல்லி மனு கொடுக்கப் போனபோது முன்னால் நின்றவள் அக்காதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. கதிர்வீச்சு அளக்கும் மீட்டரை எடுத்துப் போய், குழந்தை படுக்கிற அறையிலேயே வைத்துக் காட்டினேன். "பாருக்கா, அனுமதிச்ச அளவுக்குக் கிட்டக்கூட வரல. வாட்ஸ்அப்புல வாரதையெல்லாம் நம்பாத." குழந்தை மீட்டரை வாங்கித் தன் வயிற்றில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "மாசமா இருக்கறப்ப நா என்னத்தையோ தின்னுபோட்டேன், அதுதான் புள்ளைக்கு வந்துருச்சுன்னு எம்மாமியா, ஊட்டுக்கு வாரவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருந்தாங்க கண்ணு. டவருன்னு பேச்சு வந்தப்பறந்தான் அந்த வாய் மூடுச்சு. இப்ப நீ வந்து டவர் இல்லீங்கற. அப்ப எதுனால வந்துச்சு, சொல்லு."

காரணம் சொல்ல முடியாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். யார் தப்பும் இல்லைக்கா என்றேன். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் அவள் எப்படிக் காலம் தள்ளுவாள்? மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டே அழுதேன்.

தெருக்காரர்கள் விடவில்லை. எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய் டவரைக் கழற்றச் சொல்லிவிட்டார். குழந்தை பிழைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் சுவரோரம் இருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் முன்னாடியே அதக் கழட்டியிருந்தா எம்புள்ள இருந்திருக்குமல்லோ, கண்ணு?"

கூடமே என்னைப் பார்த்தது. டவர் வேலை பார்க்கிறவன் நான்தானே, எனக்குத்தானே தெரியும். மாமியாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா" என்றேன்.