பாட்டிலில் பெட்ரோல் தராத பெண்

அஞ்சுகிராமம் பக்கத்தில் வாழை பயிரிடுகிறேன். போன கோடையில் பக்கத்துத் தோட்டக்காரர் மடையை அடைத்துவிட்டதால், குலை தள்ளும் நேரத்தில் என் வாழைகள் காய்ந்துபோயின. நியாயம் கேட்டபோது, டீக்கடையில் எல்லார் முன்னாலும், "ஒனக்கெல்லாம் எதுக்குடே விவசாயம்?" என்று சிரித்தார். வாழை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அவருடைய மோட்டார் அறையைக் கொளுத்திவிடும் முடிவோடு அந்த மத்தியான வெயிலிலேயே நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போய் காலி பாட்டிலை நீட்டினேன்.

அங்கே வேலை பார்க்கும் பெண், "பாட்டில்ல தரமாட்டோம் அண்ணாச்சி" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "மொகம் இப்பிடி கறுத்துருக்கே, யாருகூட சண்டை?" என்று கேட்டு, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். முன்பின் தெரியாத அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். "வீட்டுக்குப் போயி அக்காட்ட இதச் சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தார்.

மனைவியிடம் சொன்னேன். "அய்யோ, அவருக்க அப்பா மத்தியானம் அந்த மோட்டார் ரூமுக்குள்ளதான ஒறங்குவாரு!" என்று அலறினாள். அதற்குள் ஆள் இருப்பார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

மடைத் தகராறை ஊர்க்காரர்களை வைத்துப் பேசித் தீர்த்தோம். இப்போதெல்லாம் கோபம் வந்தால் மனைவியிடம் சொல்லாமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. யாராவது முகம் கறுத்து நின்றால், என்ன விஷயம் என்று நானும் கேட்டுவிடுகிறேன். அந்தப் பெண் அன்று கேட்டதால்தான் ஒரு பெரியவர் உயிரோடு இருக்கிறார். நானும் என் வீட்டில் இருக்கிறேன்.